நாற்பது நிமிட பீரியடில் ஓட்டம் எத்தனை நிமிடம்? பள்ளிக்கு எந்த உடற்பயிற்சி பொருந்தும்

ஜூனில் பள்ளி திறந்து பள்ளி மேலாண்மைக் குழு கூடியதும் இந்தக் கேள்வி எழுந்துவிடும். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு தொகை கொடுத்திருப்பார்கள். அதை வைத்து வாலிபால் களம் அமைக்கலாம் என்பார் ஒருவர். சிலம்ப ஆசானை வாரம் இரண்டு நாள் வரவழைக்கலாம் என்பார் இன்னொருவர். யோகா போதுமே, சத்தம் இருக்காது என்பார் தலைமையாசிரியர். பெற்றோர் கேட்பது வேறு மாதிரி: "ஏழாம் வகுப்பு படிக்கிறான் சார், வீட்டுக்கு வந்தால் செல்போன்தான். எதில் சேர்த்துவிடலாம்?" உடற்கல்வி ஆசிரியர் என்பதால் இரு தரப்புக்கும் பதில் சொல்ல வேண்டியவன் நான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

இதய நலம் ஐம்பது வயதுக்காரர்களின் கவலை என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை ஆராய்ந்த மருத்துவர்கள் 1953-இல் முடிவை வெளியிட்டார்கள். வீரர்களின் சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேரின் இதயத் தமனிகளில் நோயின் தடயம் இருந்தது. பிற்பாடு அமெரிக்காவின் போகலூசா என்ற ஊரில் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, தமனியில் கொழுப்புக் கோடு விழுவது சிறுவயதிலேயே தொடங்கிவிடுகிறது என்று காட்டியது. மாரடைப்பு வருவது ஐம்பதில். அதற்கான அடித்தளம் விழுவது ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புக் காலத்தில்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட மிதமான அல்லது தீவிரமான உடல் இயக்கம் வேண்டும் என்கிறது. வாரத்தில் மூன்று நாளாவது அதில் தீவிர இயக்கமும், எலும்பையும் தசையையும் வலுப்படுத்தும் பயிற்சியும் இருக்க வேண்டும். இதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் 11 முதல் 17 வயதுப் பள்ளிப் பிள்ளைகளில் 81 சதவீதத்தினர் இந்த அளவை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85.

ஆக, நாம் தேடுவது இந்த 60 நிமிடத்தை. சாம்பியனைத் தேடுவது வேறு வேலை.

## முதலில் அளவுகோல்கள்

எந்த வழியையும் நான் ஐந்து கேள்விகளால் எடைபோடுகிறேன்.

முதலாவது, இதயம் உண்மையில் எத்தனை நிமிடம் வேகமாகத் துடிக்கிறது? கருவி எதுவும் வேண்டாம். பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான இயக்கம். நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் தீவிரம். சாவகாசமாகப் பாடிக்கொண்டே செய்ய முடிந்தால் அது கணக்கில் சேராது.

இரண்டாவது, அந்த நேரத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? உடற்பயிற்சி மிகவும் தேவைப்படும் பிள்ளைதான் பெரும்பாலும் வேப்பமரத்தடியில் எல்லோருடைய பையையும் காவல் காத்துக்கொண்டிருக்கும். பருமனான பிள்ளை, கண்ணாடி போட்ட பிள்ளை, சீக்கிரம் களைத்துப்போகும் பிள்ளை.

மூன்றாவது, எட்டாம் வகுப்பைத் தாண்டியும் அது நீடிக்குமா? பத்தாம் வகுப்பு வந்ததும் கணக்கு ஆசிரியர் பி.டி. பீரியடைக் கடன் வாங்குவார். திருப்பித் தந்ததாக வரலாறு இல்லை. பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தடை அதற்கும் முன்பே, வயதுக்கு வந்ததும் தொடங்கிவிடுகிறது.

நான்காவது செலவு: ரசீதில் வருவதும் வராததும். ஐந்தாவது ஆபத்து: காயம், வெயில், சாலை.

பள்ளிகளுக்கிடையே நடக்கும் குறுவட்டப் போட்டியில் கோப்பை கிடைக்குமா என்பது இந்தப் பட்டியலில் இல்லை. கோப்பை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் பன்னிரண்டு பேர் வாங்கி வரும் கோப்பையை மீதி அறுநூறு பேரின் இதயத்துக்கு வரவு வைக்க முடியாது.

## தினமும் 15 நிமிட ஓட்டம்

ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் நகரில் ஒரு தொடக்கப் பள்ளி. அதன் தலைமையாசிரியை எலைன் வைலி, தம் பிள்ளைகள் விளையாட்டு வகுப்பின் தொடக்கப் பயிற்சிக்கே களைத்துப்போவதைக் கவனித்தார். 2012-இல், வகுப்பு நேரத்தின் நடுவே தினமும் 15 நிமிடம் மைதானத்தைச் சுற்றி ஓடவோ நடக்கவோ விட்டார். சீருடையை மாற்ற வேண்டாம், போட்டி கிடையாது, முதலிடம் கிடையாது. இன்று 'டெய்லி மைல்' என்ற பெயரில் பல நாடுகளுக்குப் போய்விட்டது. ஸ்டிர்லிங் பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஓடிய பள்ளியின் பிள்ளைகள் ஓடாத பள்ளியின் பிள்ளைகளைவிட உடல்தகுதியில் முன்னேறியிருந்தார்கள். எடை குறைந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்; இங்கிலாந்தின் பர்மிங்காமில் 40 பள்ளிகளில் நடந்த பெரிய சோதனையில் ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் எடையில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு தெரியவில்லை.

என் ஐந்து கேள்விகளில் முதல் இரண்டிலும் இதற்குத்தான் முதல் மதிப்பெண். 15 நிமிடத்தில் 12 நிமிடமாவது உண்மையான இயக்கம். யாரும் 'அவுட்' ஆவதில்லை. பெரிய மைதானம்கூடத் தேவையில்லை. 50 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் உள்ள ஒரு முற்றம் இருந்தால் ஒரு சுற்று 160 மீட்டர் வரும்.

வெளியே தெரியாத செலவு பாட நேரம். வாரம் 75 நிமிடம் என்பது கிட்டத்தட்ட இரண்டு பீரியட். அது யாருடைய பீரியடிலிருந்து போகிறது என்பதை முதலிலேயே ஆசிரியர்கள் அனைவரையும் உட்காரவைத்துப் பேசி முடிக்காவிட்டால், முதல் இடைப்பருவத் தேர்வு நெருங்கும்போது ஓட்டம் நின்றுவிடும். சுழற்சி முறையில், திங்கள் கணக்கு, செவ்வாய் அறிவியல் என்று எல்லாப் பாடத்திலிருந்தும் சமமாக எடுப்பதே சண்டையைக் குறைக்கும். வகுப்பாசிரியரும் கூட நடந்தால் இன்னும் நல்லது. அவருக்கும் இதயம் இருக்கிறது.

இன்னொரு செலவு, வயிறு. காலை உணவு சாப்பிடாமல் வரும் பிள்ளையைப் பிரேயர் முடிந்ததும் ஓடச் சொன்னால் தலைசுற்றி விழும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து மேலே படிப்பவர்கள் வீட்டில் சாப்பிட்டுத்தான் வர வேண்டும். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு விசில் ஊதுவது நல்லது. மார்ச் முதல் வெயில் ஏறும்போது ஓட்டத்தை முதல் பீரியடுக்கு மாற்ற வேண்டும். மதிய உணவுக்குப் பிந்தைய பீரியட் எந்த மாதத்திலும் ஆகாது.

இதன் பெரிய குறை, சலிப்பு. இரண்டாவது மாதத்தில் பிள்ளைகள் அரட்டையோடு ஊர்வலம் போகத் தொடங்குவார்கள். பாடிக்கொண்டே போக முடிகிறதா என்று பாருங்கள்; முடிந்தால் அது ஓட்டம் இல்லை. திசையை மாற்றுவது, தண்டவாளம்போல இருவர் இருவராக ஓடவிடுவது, கடைசியில் வருபவர் முன்னால் போகும் வரிசை ஓட்டம் என்று ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும்.

## கபடி, கோ-கோ, வாலிபால்

பிள்ளைகளுக்குப் பிடித்தது இதுதான். பிடித்ததைச் செய்யும் பிள்ளை மறுநாளும் வரும் என்பதால் அந்தப் பிடித்தத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள்.

பீரியட் 40 நிமிடம். வகுப்பிலிருந்து மைதானத்துக்கு வந்து, வரிசையில் நின்று, வருகை எடுத்து, அணி பிரித்து, கடைசியில் கை கால் கழுவித் திரும்புவது எல்லாம் போக 25 நிமிடம் மிஞ்சினால் அதிர்ஷ்டம். வகுப்பில் 40 பேர். கபடியில் இரு அணியும் சேர்த்துக் களத்தில் 14 பேர்; மீதி 26 பேர் கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறார்கள். களத்தில் இருக்கும் 14 பேரிலும் ஒரு நேரத்தில் பாடிப் போகிறவர் ஒருவர்தான், அதுவும் அதிகபட்சம் 30 வினாடி. கோ-கோவில் துரத்தும் அணியின் ஒன்பது பேரில் எட்டுப் பேர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் துரத்துகிறார், மூன்று பேர் தப்பி ஓடுகிறார்கள். களத்தில் உள்ள 12 பேரில் எந்த நொடியிலும் ஓடுவது நான்கு பேர். வாலிபாலில் நன்றாக விளையாடத் தெரியாதவர்கள் கூடினால், பந்து வலையைத் தாண்டுவதைவிட வாய்க்காலைத் தாண்டுவதுதான் அதிகம். அதை எடுக்கப் போகும் பையன் ஒருவனுக்கு மட்டும் நல்ல உடற்பயிற்சி.

இன்னும் கசப்பான ஒன்று, ஆட்டத்தின் விதிக்குள்ளேயே இருக்கிறது. கபடியில் முதலில் அவுட் ஆவது மெதுவாக ஓடும் பிள்ளை. தன் அணி புள்ளி எடுத்து உயிர்ப்பிக்கும்வரை வெளியே உட்கார வேண்டும். அதாவது, அதிகம் ஓட வேண்டியவரை ஆட்டம் அதிகம் உட்காரவைக்கிறது. கெட்டிக்காரன் களத்தில் இருந்துகொண்டே இருக்கிறான். விதியை எழுதியவர்கள் போட்டியை நினைத்து எழுதினார்கள், பி.டி. பீரியடை நினைத்து எழுதவில்லை.

எனவே பி.டி. பீரியடில் விதியை மாற்றிக்கொள்ளலாம். சுண்ணாம்பு எடுத்து நான்கு சிறிய களங்கள் போடுங்கள். ஏழுக்கு ஏழு வேண்டாம், ஐந்துக்கு ஐந்து. நாற்பது பேரும் உள்ளே வந்துவிடுவார்கள். அவுட் ஆனவர் உட்காரக் கூடாது. களத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டுத் திரும்ப உள்ளே வரலாம். கோ-கோவில் நீண்ட வரிசையை உடைத்து, ஐந்து பேர் உட்காரும் சிறு வரிசைகள் வைக்கலாம். அணித்தலைவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஆள் எடுக்கும் பழக்கத்தை நிறுத்திவிட்டு ஒன்று, இரண்டு என எண்ணிப் பிரியுங்கள். கடைசியாக எடுக்கப்படும் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் அந்தப் பழக்கத்துக்குத் திரும்ப மாட்டார்கள்.

இப்படி மாற்றிய கபடி வாரம் மூன்று நாள் தீவிர இயக்கம் என்ற நிபந்தனைக்கு மிக நன்றாகப் பொருந்தும். பிடித்தல், தள்ளுதல், தாவுதல் எல்லாம் தசைக்கும் எலும்புக்கும் வேலை. மாற்றாத கபடி, பள்ளி அணிக்குத் தேர்வான பிள்ளைகளுக்கு மட்டும் நல்லது.

ரசீதில் வராத செலவு களப் பராமரிப்பு. முன்னாள் மாணவர் கல்வெட்டோடு திறந்து வைத்த களத்தில் இரண்டாவது மழைக்குப் பிறகு கோரை முளைத்திருக்கும், வலை கிழிந்திருக்கும். மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, ஆண்டுதோறும் மணல் போட யார் பொறுப்பு என்று எழுதிவைக்காமல் களம் போடாதீர்கள். பெண் பிள்ளைகளுக்கான நாள்களைத் தனியே ஒதுக்காவிட்டால், எந்தக் களமும் ஒரே வாரத்தில் பையன்களின் களமாகிவிடும். வளையப்பந்து, எறிபந்துக்கு ஒரு மூலையைப் பெண்களுக்கெனக் கோடு போட்டுக் கொடுத்தால் அவர்கள் கேட்காமலே வந்து ஆடுவதைப் பார்க்கலாம்.

## ஸ்கிப்பிங் கயிறு

என் கட்சி எது என்று கேட்டால் இதுதான். அதனால் இதன் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சிமென்ட் தரையிலும் டைல்ஸிலும் குதித்தால் கெண்டைக்கால் முன்னெலும்பு வலிக்கும்; மண் தரை அல்லது பாய் வேண்டும். பருமனான பிள்ளைக்கு முதல் வாரம் மூச்சு வாங்கும், நண்பர்கள் சிரிப்பார்கள். அவருக்குக் கயிற்றைத் தரையில் நேராகப் போட்டு இரு பக்கமும் தாண்டச் சொல்ல வேண்டும். கயிறு தடுக்குவது முதலில் எரிச்சலூட்டும். வளர்ந்த பெண் பிள்ளைகளுக்குப் பொருத்தமான உள்ளாடை இல்லாவிட்டால் குதிப்பது சங்கடம். இதைப் பெற்றோர் கூட்டத்தில் ஓர் ஆசிரியை தாய்மார்களிடம் நேரடியாகச் சொல்லிவிடுவதே நல்லது. யாரும் சொல்லாததால்தான் அந்தப் பிள்ளைகள் 'தலைவலி' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். வயதுக்கு வந்த பிள்ளை குதித்தால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று இன்னும் சில வீடுகளில் சொல்கிறார்கள். அதற்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை. மாதவிடாய் நாள்களிலும் முடிந்தால் குதிக்கலாம், முடியாவிட்டால் நடக்கலாம்.

இவ்வளவுதான் குறைகள். இப்போது மறுபக்கம். 30 வினாடி குதித்து 30 வினாடி நின்றால்கூட, பத்து நிமிடத்தில் ஐந்து நிமிடம் தீவிர இயக்கம் கிடைக்கிறது. வேறெந்த விளையாட்டிலும் 40 பேர் ஒரே நேரத்தில் இதைப் பெற முடியாது. குதிப்பதால் எலும்புக்கும் வேலை. மைதானமே இல்லாத, வாடகைக் கட்டடத்தில் நடக்கும் பள்ளிக்கு மொட்டை மாடியில் பாய் விரித்தால் போதும். பத்தாம் வகுப்பில் பி.டி. பீரியட் பறிபோன பிறகும் வீட்டு வாசலில் தொடரலாம். கடையில் விற்கும் கைப்பிடி வைத்த கயிறுகூடத் தேவையில்லை. ஹார்டுவேர் கடையில் நைலான் கயிறு மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. கயிற்றின் நடுவில் மிதித்து நின்றால் இரு முனையும் அக்குள்வரை வர வேண்டும். அதுதான் அளவு.

சலிப்பு இங்கேயும் வரும். இருவர் பெரிய கயிற்றைச் சுழற்ற, மற்றவர்கள் உள்ளே புகுந்து வெளியேறும் ஆட்டம் அதற்கு மருந்து.

## சிலம்பம்

ஊருக்கு ஊர் சிலம்ப வகுப்பு பெருகியிருக்கிறது. பெண் பிள்ளைகள் திரளாகச் சேர்கிறார்கள். கபடிக்கு அனுப்பத் தயங்கும் வீடுகள்கூடத் தற்காப்புக் கலை என்று சொன்னால் சம்மதிக்கின்றன. பிள்ளைகள் தங்களைப் பற்றி நிமிர்ந்து நினைக்கவைக்கும் கலை இது. அந்த வகையில் மூன்றாவது கேள்விக்கு, அதாவது நீடிக்குமா என்பதற்கு, மற்ற எல்லாவற்றையும்விட நல்ல பதில் வைத்திருக்கிறது.

முதல் கேள்வியில்தான் இடறுகிறது. ஆரம்ப மாதங்களில் வணக்கம், காலடி, ஒற்றைச் சுற்று என்று நின்ற இடத்தில் கற்பதே அதிகம். இதயம் வேகமெடுக்கும் நிலைக்கு வர மாதங்கள் ஆகும். கம்பு சுழல ஒவ்வொருவரைச் சுற்றியும் இடம் வேண்டும் என்பதால், 40 பேருக்குப் பெரிய மைதானம் தேவை. இல்லாவிட்டால் பாதிப் பேர் காத்திருப்பார்கள். வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை ஓட்டமும் காலடியும் சேர்ந்த வேகப் பயிற்சியாக வைக்கச் சொல்லி ஆசானிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். நல்ல ஆசான்கள் மறுப்பதில்லை.

செலவு கட்டணத்தோடு முடிவதில்லை. கம்பு, சீருடை, நிலைத் தேர்வு, போட்டிக்கான நுழைவுக் கட்டணம், சான்றிதழ் என்று நீளும். சாதனை நிகழ்ச்சி என்ற பெயரில் பிள்ளைகளை மணிக்கணக்கில் வெயிலில் சுற்றவைத்துப் புகைப்படம் எடுக்கும் கூத்துகளுக்குப் பள்ளி ஒப்புதல் தரக் கூடாது. அதில் இதயத்துக்கும் நன்மை இல்லை, கலைக்கும் இல்லை.

## சைக்கிளிலும் நடந்தும் பள்ளிக்கு

மூன்று கிலோமீட்டர் தூரத்தை ஒரு பிள்ளை சைக்கிளில் ஏறத்தாழ 15 நிமிடத்தில் கடக்கும். போக வர அரை மணி. 60 நிமிடத்தில் பாதி, யாருடைய பீரியடையும் தொடாமல், ஆசிரியர் இல்லாமல், வாரம் ஐந்து நாளும் கிடைக்கிறது.

தினசரிப் பழக்கத்தின் வலிமைக்கு ஒரு பழைய சான்று உண்டு. லண்டனின் மாடி பஸ்களில் நாள் முழுதும் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட மாரடைப்பு குறைவாக வந்தது என்று மருத்துவ ஆய்வாளர் ஜெரி மாரிஸ் 1953-இல் எழுதினார். டிரைவர்கள் வேலையில் சேரும்போதே பருமனாக இருந்திருப்பார்களோ என்ற சந்தேகம் அவருக்கே வந்து, அவர்களின் சீருடை அளவுகளைத் தேடிப்போய்ப் பார்த்தார். ஆம், பருமன்தான். ஆனாலும் உடலியக்கத்துக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை அதற்குப் பின் வந்த ஆய்வுகள் உறுதிசெய்தபடியே இருந்தன.

தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. அதற்கு முந்தைய வகுப்புகளுக்குப் பெற்றோர்தான் வாங்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் திரளாக சைக்கிள் ஓட்டக் கற்றார்கள்; அவர்களின் பேத்திகள் இன்று வேனில் பள்ளிக்குப் போகிறார்கள் என்றால் குறை பேத்திகளிடம் இல்லை, சாலையில் இருக்கிறது. மணல் லாரி ஓடும் சாலையில் பிள்ளையை சைக்கிளில் அனுப்பச் சொல்ல எனக்கு மனம் வராது. தேசிய நெடுஞ்சாலையைக் கடந்துதான் வர வேண்டும் என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

சைக்கிள் நிறுத்தக் கூரை, பஞ்சர், பிரேக் கட்டை, தலைக்கவசம், மழைக்கோட்டு என்று சில்லறைச் செலவு உண்டு. மறைந்திருக்கும் இன்னொரு சுமை புத்தகப் பை. ஒன்றிய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. நடந்து வரும் பிள்ளைகளுக்கு அன்றன்றைய பாடப் புத்தகம் மட்டும் போதும் என்று பள்ளி ஒழுங்குபடுத்தாவிட்டால், பெற்றோர் இரு சக்கர வாகனத்தில் கொண்டுவந்து விடத்தான் செய்வார்கள்.

சாலை பாதுகாப்பாக இல்லாத இடத்திலும் ஒரு நடுவழி உண்டு. வேனைப் பள்ளி வாசல்வரை விடாமல் பாதுகாப்பான ஒரு தெருமுனையில் நிறுத்தி, ஒரு பெரியவர் துணையோடு கூட்டமாகக் கடைசிக் கிலோமீட்டரை நடத்திக் கூட்டி வரலாம்.

## யோகாவும் தனியார் பயிற்சி மையமும்

யோகாவைக் குறை சொல்லவில்லை. மனம் அமைதியாகும், உடல் வளையும், மூச்சு சீராகும். ஆனால் பள்ளியில் நடக்கும் யோகா பெரும்பாலும் இலேசான இயக்கம். வேகமாகச் செய்யும் சூரிய நமஸ்காரத்தைத் தவிர மற்றவை 60 நிமிடக் கணக்கில் சேராது. ஓட்டத்துக்குப் பிறகு ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்குப் பதிலாக வேண்டாம்.

தனியார் பயிற்சி மையம் என்றால் பெரும்பாலோர் கேட்பது கிரிக்கெட். வலைப் பயிற்சியில் வரிசையில் நின்று, ஆறு பந்து ஆடி, மறுபடி வரிசைக்குப் போகும் ஒன்றரை மணி நேரத்தில் இதயம் வேலை செய்வது எவ்வளவு என்று ஒருநாள் வெளியே உட்கார்ந்து பாருங்கள். நீச்சலும் பேட்மிண்டனும் பரவாயில்லை, தண்ணீரிலும் களத்திலும் எத்தனை பிள்ளைகள் நெருக்கியடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து. கட்டணத்தோடு பெட்ரோலையும் பெற்றோரின் மாலை நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பயிற்சி முடிந்ததும் பரிசாக வாங்கித் தரும் குளிர்பானம் வேறு. (கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. வாசலில் நின்று பாருங்கள், சிரிப்பு வரும்.) பிள்ளை தானாகக் கேட்டால், திறமை தெரிந்தால் சேருங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அரங்குகளையும் விடுதிகளையும் முதலில் விசாரித்துவிட்டுத் தனியாரிடம் போகலாம்.

## ஒரு பார்வையில்

| வழி | இதயம் வேகமெடுக்கும் நேரம் | யார் விடுபடுவார்கள் | மறைந்த செலவு |
|---|---|---|---|
| தினசரி ஓட்டம் | 15-இல் 12 நிமிடம் | அநேகமாக யாரும் இல்லை | பாட நேரம், சலிப்பு |
| கபடி, கோ-கோ (வழக்கமான விதி) | மிகக் குறைவு | மெதுவானவர்கள், பெண் பிள்ளைகள் | களப் பராமரிப்பு |
| கபடி, கோ-கோ (சிறு களம்) | நன்று | சிலர் | ஆசிரியரின் உழைப்பு |
| ஸ்கிப்பிங் | 10-இல் 5 நிமிடம், தீவிரம் | மூட்டு வலி உள்ளவர்கள் | பாய், உள்ளாடை, கூச்சம் |
| சிலம்பம் | முதலில் குறைவு, பிறகு நன்று | கட்டணம் கட்ட இயலாதவர்கள் | சீருடை, சான்றிதழ் |
| சைக்கிள் | 30 நிமிடம் (3 கி.மீ.) | தொலைவிலிருந்து வருபவர்கள் | சாலை ஆபத்து, புத்தகப் பை |
| யோகா | மிகக் குறைவு | யாரும் இல்லை | போதும் என்ற நினைப்பு |

## எந்த இடத்துக்கு எது

மைதானம் உள்ள ஊராட்சிப் பள்ளி அல்லது அரசு உயர்நிலைப் பள்ளி என்றால் தினசரி ஓட்டமும், வாரம் மூன்று நாள் சிறு களக் கபடியும். இதற்குப் பணமே தேவையில்லை; சுண்ணாம்பு போதும். நகரத்தில் மைதானமில்லாத பள்ளிக்கு ஸ்கிப்பிங். பெண்கள் பள்ளியில் பெற்றோர் தயக்கம் அதிகமென்றால் சிலம்பத்தில் தொடங்கி, ஆசானின் வகுப்புக்குள்ளேயே ஓட்டத்தையும் கயிற்றையும் நுழைத்துவிடுங்கள். பெற்றோர் தனியாக முடிவெடுப்பதானால், பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருந்து சாலையும் அமைதியானதென்றால் சைக்கிள் வாங்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரு கயிறு.

கையில் ஒரு தொகை வந்திருக்கும் மேலாண்மைக் குழுவுக்கு நான் சொல்வது பலருக்குப் பிடிப்பதில்லை. களம் வேண்டாம். பெண்கள் கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்தப் பணம் அங்கே போகட்டும். வியர்த்த பிறகு முகம் கழுவவும், மாதவிடாய் நாளில் துணி மாற்றவும் வழியில்லாத பள்ளியில் எந்தப் பெண் பிள்ளையும் ஓட வராது. அடுத்தது குடிநீர்க் குழாய், நாலைந்து நிழல்மரம். அதற்கும் பிறகு மீதியிருந்தால் கயிறுகள். இவற்றுக்குக் கல்வெட்டு வைக்க முடியாது என்பது மட்டுமே சிக்கல்.

## தொடங்கும் முன் மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவர்கள்

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையிடமும் சிலவற்றைக் கேட்க வேண்டும். ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்கி விழுந்தது உண்டா? அப்போது நெஞ்சு வலி வந்ததா? ஒத்த வயதுப் பிள்ளைகளைவிட மிக விரைவில் மூச்சு வாங்குகிறதா? வீட்டில் யாராவது ஐம்பது வயதுக்கு முன் திடீரென இறந்திருக்கிறார்களா? சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா? கடைசிக் கேள்வி ருமாட்டிக் இதய நோய்க்காக. தொண்டைப் புண்ணில் தொடங்கி இதய வால்வைக் கெடுக்கும் அந்த நோய் நம் நாட்டிலிருந்து இன்னும் போகவில்லை. ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அந்தப் பிள்ளை நடக்கட்டும், ஓட வேண்டாம். பிறவி இதயக் குறைகள் உட்படப் பிள்ளைகளின் நோய்களைப் பரிசோதிக்க 2013 முதல் தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு வருகின்றன. அவர்கள் வரும் நாளில் இந்தப் பெயர்ப் பட்டியல் தயாராக இருந்தால் வேலை எளிது.

சீக்கிரம் களைத்துப்போகும் பெண் பிள்ளைகளைச் சோம்பேறி என்று ஒதுக்கும் முன் இரத்தசோகையை நினையுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினருக்கு அது இருக்கிறது. பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை ஜன்னலுக்கு வெளியே போகிறதா, வயிற்றுக்குள் போகிறதா என்று கவனிப்பதும் உடற்கல்வி ஆசிரியரின் வேலைதான்.